ஆளில்லாத கிரகத்தில் துணி காய்ந்தது

இந்த ஊரில் அந்தப் படத்தைக் குறை சொன்னால் டீயில் சர்க்கரை குறையும். மெயின் பஜாரில் படத்துக் கிரகத்தின் பெயரில் ஒரு டீக்கடை இருக்கிறது. அதே பெயரில் ஒரு செல்போன் கடை, ஒரு டியூஷன் சென்டர், பஸ் ஸ்டாண்டு ஓரம் ஒரு பரோட்டா கடை. ஆளே இல்லாத கிரகம் என்று சொல்லித்தான் எடுத்தார்கள். இப்போது அங்கே கொத்து பரோட்டா கிடைக்கிறது. தமிழில் வந்த முதல் அசல் விஞ்ஞானப் படம், காலத்தை முந்திய படம் என்று வருஷத்துக்கு ஒருதரம் யாராவது எழுதிவிடுகிறார்கள். அதைப் பார்த்துத்தான் இன்ஜினியரிங் சேர்ந்தேன் என்று சொல்லாத இன்ஜினியரை எங்கள் குவார்ட்டர்ஸ் பக்கம் தேடித்தான் பிடிக்க வேண்டும். எனக்குத் தெரிந்து அதில் பாதிப்பேர் அப்பா பெல்ட்டைக் கழற்றியதால் சேர்ந்தவர்கள். அப்பாவுக்கு நன்றி சொல்ல மேடை கிடையாது. டைரக்டருக்குச் சொன்னால் கை தட்டுகிறார்கள்.

கதை இதுதான். பூமியில் எரிக்க ஒன்றும் மிச்சமில்லை. செத்துப்போன ஒரு கிரகத்துக்கு ஒரு கப்பல் போகிறது. வெள்ளி உடுப்பில் கதாநாயகன் இறங்குகிறான், ஒரு பிடி மண்ணை அள்ளுகிறான், முகத்தைக் கண்ணாடி மூடியிருக்கும்போதே அதை முகர்ந்து பார்க்கிறான். "இங்கே எதுவும் வாழ்ந்ததில்லை" என்கிறான். பின்னால் கூட்டம் கூட்டமாக வயலின் அழுகிறது.

அவன் அள்ளியது எங்கள் சுரங்கத்து மேல்மண். பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடந்ததை வாரி, பெல்ட்டில் ஓட்டி, மலை மலையாகக் கொட்டிவைத்த மண். மழை பெய்தால் ஊதா, வெயில் அடித்தால் சாம்பல், நடுவே எங்காவது சுண்ணாம்பு அப்பியதுபோல் வெள்ளைக் களி. அழகுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது மலையாவதற்கு முன்னால் முந்திரித் தோப்பாக இருந்தது, கரும்புக் கொல்லையாக இருந்தது, யாரோ கல்யாணத்துக்குப் பந்தக்கால் ஊன்றிய வாசலாக இருந்தது. எதுவும் வாழ்ந்ததில்லையாம். வசனம் எழுதியவரும் டைரக்டரே.

படத்தில் வரும் ராட்சசன் எங்கள் பக்கெட் வீல் மெஷின். சக்கரம் முழுக்க வாளிகளைக் கட்டிக்கொண்டு மண்ணைச் சுரண்டுமே, அதேதான். அதற்குக் கண்களாக இரண்டு சிவப்பு விளக்கு மாட்டியிருந்தார்கள். அது கழுத்தைத் திருப்பியபோது தியேட்டரில் எழுந்த விசில் கதாநாயகனுக்குக் கிடைக்கவில்லை. ஏனென்றால் உள்ளே உட்கார்ந்து ஓட்டியவர் எங்கள் எதிர்வீட்டுக்காரர். ராட்சசன் என் பக்கத்து சீட்டில் முறுக்கு தின்றுகொண்டிருந்தான்.

எனக்கு அப்போது இருபது வயது. அப்பா விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து பெர்மனென்ட் ஆனவர். நான் இந்தக் குவார்ட்டர்ஸில் பிறந்து, வானத்தைப் பார்த்தால் புகைபோக்கி தெரியும் என்று மட்டும் அறிந்தவன். அந்தப் படத்தை ஏழு தடவை பார்த்தேன். ஆமாம், இன்று இவ்வளவு பேசுகிறவன்தான். ஆறு தடவை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். ஏழாவது தடவை ஒன்றைக் கண்டுபிடித்தேன். கதாநாயகன் "வாழ்ந்ததில்லை" என்று சொல்லித் திரும்புகிற இடத்தில், திரையின் இடது ஓரத்தில், இரண்டு மண்மலைகளுக்கு நடுவே, தூரத்தில் ஒரு ஓட்டு வீடு. வீட்டுக்கு முன்னால் ஒரு கொடி. கொடியில் ஒரு சிவப்புச் சேலை, காற்றில் ஆடிக்கொண்டு. ஐந்து வினாடி இருக்கும்.

பிழை கண்டுபிடிப்பவனுக்கு வரும் கிறுக்கு பக்திக்காரனுக்கு வருவதைவிடப் பெரியது. அன்றைக்கே ஒரு இன்லேண்டு லெட்டர் வாங்கி டைரக்டருக்கு எழுதினேன். "தங்கள் கிரகத்தில் எதுவும் வாழ்ந்ததில்லை என்கிறீர்கள். அப்படியானால் அந்தச் சிவப்புச் சேலையைத் துவைத்தது யார்?" இந்த வரியில் எனக்கு அவ்வளவு பெருமை. என்னோடு கன்வேயர் செக்ஷனில் அப்ரண்டிசாக இருந்த நண்பனிடம் போஸ்ட் பண்ணுவதற்கு முன் மூன்று தரம் படித்துக் காட்டினேன். பதில் வரவில்லை. கையெழுத்து அச்சடித்த ஒரு போட்டோ வந்தது. அதையும் பீரோவில் வைத்திருந்தேன்.

சேலை கதையை நானும் நண்பனும் ஊர் முழுக்கப் பரப்பினோம். அதற்குப் பிறகு அந்தக் காட்சி வந்தால் தியேட்டரே "அக்கா, துணி காஞ்சிடுச்சு" என்று கத்தும்.

ஐந்து வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம். பெண், கம்மாபுரம் பக்கத்தில் சுரங்கத்துக்காக எடுத்துக்கொண்ட ஒரு கிராமத்தைச் சேர்ந்த குடும்பம். எடுத்த பிறகு அவர்கள் முத்தாண்டிக்குப்பம் ரோட்டில் வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். தலை தீபாவளிக்கு அந்த வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது டிவியில் அந்தப் படம். நான் புது மாப்பிள்ளைக்குரிய தோரணையில், இப்ப பாரு ஒரு கூத்து வரும், ஒரு புடவை வரும் பாரு என்று ஆரம்பித்தேன். சேலை வந்தது. என் மனைவி தட்டைக் கீழே வைத்தாள்.

"அது எங்க வூடுங்க."

அப்படியே சிரிப்பை முழுங்கினேன். லெட்டர் எழுதியதை அன்று சொல்லவில்லை. அப்புறமும் சொல்லவில்லை. சொல்லாத ஒன்று வருஷம் ஆக ஆகச் சொல்ல முடியாததாகிவிடுகிறது. அது ஒரு தனி உயிரினம், எந்த விஞ்ஞானப் படத்திலும் இன்னும் வரவில்லை.

அந்தச் சேலை மறந்துபோய் விடப்பட்டது இல்லை என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. ஊரை எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், வீடுகளைக் கணக்கெடுக்க வருகிறவர்கள் பூட்டின வீட்டை ஆளில்லாத வீடு என்று எழுதி நஷ்டஈட்டை வெட்டிவிடுவார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. உண்மையா புரளியா யாருக்கும் தெரியாது. ஆனால் ஊரே அதற்காக ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டது. கொடியில் எந்நேரமும் துணி கிடக்க வேண்டும். உறவுக்காரர் வீட்டுக்குப் போகிறவர்கள் ஒரு பழைய சேலையைப் போட்டுவிட்டுப் போவார்கள். முன்கூட்டியே கிளம்பிப்போன பக்கத்து வீட்டுக் கொடியில் மற்றவர்கள் போடுவார்கள். அவ்வளவு கொடிகளும் மாதக்கணக்கில் காய்ந்த துணியையே காயவைத்துக்கொண்டிருந்தன.

ஷூட்டிங்காரர்கள் வந்து எல்லாத் துணியையும் எடுக்கச் சொன்னார்களாம். ஊரில் எல்லாரும் எடுத்துவிட்டார்கள். என் மாமியார் எடுக்கவில்லை. "கொடியில துணி இல்லன்னா ஆளில்லாத வூடுன்னு எழுதிகினு பூடுவாங்க. அப்புறம் உங்க ஈரோவா வந்து சாட்சி சொல்லுவாரு?" என்று கேட்டிருக்கிறார். டைரக்டர் கோணத்தைக் கொஞ்சம் மாற்றி வைத்து எடுத்தார். போதுமான அளவு மாற்றவில்லை.

அந்த வீடு இப்போது இல்லை. அது நின்ற மண்ணும் இல்லை. வெட்டி எடுத்த பிறகு குழியை மூடி மேலே யூகலிப்டஸ் நட்டிருக்கிறார்கள். அந்த வீட்டுக்கு ஒரு போட்டோவும் கிடையாது. என் மாமனாருக்கு ஒரே ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இருக்கிறது, அதில் அவர் போட்டோகிராபரைப் பார்த்துப் பயந்த மாதிரி இருக்கிறார். நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றியவர், வண்டிமேல் நின்றால் ஊரே அண்ணாந்து பார்க்கும் ஆள் என்பார்கள். ஷூட்டிங் நடந்த அதே வருஷம் இறந்துவிட்டார். என் மனைவிக்கு அப்போது பதினாலு வயது.

அந்த ஐந்து வினாடியில், வீட்டு வாசல்படியில், ஒரு கறுப்புத் தீற்றல் இருக்கிறது. அதுதான் விஷயம். அது அப்பா நிற்கிறார் என்பாள் என் மனைவி. மாமியார் அது சாக்கு என்பார். "சாக்குதான்டி. உமி மூட்ட." வேறு பேச்சே இல்லை. டிவியில் படம் போடும்போதெல்லாம் என் மனைவி டிவிக்கு ஒரு சாண் தூரத்தில் போய் மண்டியிடுவாள். ஐந்து வினாடி முடிந்ததும் மாமியார் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார்; பிறகு பாட்டு வரும்போதுதான் திரும்பி வருவார். எல்லாத் தடவையும் அப்படித்தான். நான் அதைக் கவனித்திருக்கிறேன், யோசித்ததில்லை. பெரிய டிவி வாங்கினோம். தீற்றலும் பெரிதாயிற்று. செல்போனில் நிறுத்தி விரலால் விரித்துப் பார்த்தாள். விரிக்க விரிக்க அவள் அப்பா சதுரம் சதுரமாக உடைந்துபோனார்.

இப்படி இருக்கும்போதுதான் இந்த வருஷம் செய்தி வந்தது. படத்தைப் புது மெருகோடு மறுபடி வெளியிடுகிறார்கள். மூல பிலிமிலிருந்து ஒவ்வொரு பிரேமாகத் துடைத்து எடுத்ததாம், முன்பு தெரியாததெல்லாம் தெரியுமாம், மணல் மணலாக எண்ணலாமாம். எடுத்த இடம் என்பதால் எங்கள் ஊர் தியேட்டரில் ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு டைரக்டரே வருகிறார் என்றார்கள். ஊர் பட்ட பாடு சொல்லி மாளாது. பரோட்டா கடைக்காரர் கடைக்கு வெள்ளிப் பெயின்ட் அடித்தார். என் மனைவி மூன்று டிக்கெட் வாங்கி வந்தாள். கண் ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதமாகியிருந்த அம்மாவையும் அழைத்துவந்தாள். சாக்கா ஆளா என்று இன்னிக்கு முடிவு தெரிஞ்சிடும் என்றாள். மாமியார் கறுப்புக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

படம் ஓடியது. நிஜமாகவே மணல் மணலாகத் தெரிந்தது. நூல் கட்டித் தொங்கவிட்ட விண்கலத்தின் நூலைக் காணோம். கதாநாயகன் கண்ணாடிக்குள் வியர்த்திருப்பது தெரிந்தது. மண்ணை அள்ளினான். முகர்ந்தான். "இங்கே எதுவும் வாழ்ந்ததில்லை." பின்னால் நாலைந்து பேர் பழைய ஞாபகத்தில் "அக்கா" என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார்கள். இடது ஓரத்தில் இரண்டு மண்மலைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன. நடுவே வீடு இல்லை, கொடி இல்லை, சேலை இல்லை, தீற்றல் இல்லை. அவ்வளவு சுத்தம். அங்கே ஒரு காலத்தில் ஏதாவது இருந்தது என்று சத்தியம் செய்தால்கூட யாரும் நம்பமாட்டார்கள்.

என் மனைவி அசையவில்லை. அதற்கு அடுத்த காட்சியில், ராட்சசன் கொன்றுபோட்ட வீரர்களின் வரிசையைக் கதாநாயகன் கடந்து போவான். அது வந்ததும் மாமியார் கறுப்புக் கண்ணாடிக்குமேல் முந்தானையையும் போட்டு மூடிக்கொண்டார். கண் கூசுகிறது போல என்று நினைத்தேன்.

படம் முடிந்து மேடையில் டைரக்டரை ஏற்றினார்கள். வயதாகிவிட்டது, ஆனால் உட்கார்ந்த பிறகும் நிற்பவர்போல உட்கார்ந்திருந்தார். எதிர்காலத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். எதிர்காலத்தை அவர்தான் வாடகைக்கு விட்டிருப்பதுபோல இருந்தது. அப்புறம் ஒரு விஷயம் சொன்னார். படம் வந்த புதிதில் நெய்வேலியிலிருந்து ஒரு ரசிகர் கடிதம் எழுதினாராம். உலகமே பாராட்டியபோது ஒரு பிழையைச் சுட்டிக்காட்டிய கடிதம். அதைத் தன் மேஜைமேல் இத்தனை வருஷம் வைத்திருந்தாராம். இந்தப் புதுப் பிரதியில் தான் திருத்தச் சொன்ன முதல் பிழை அதுதானாம். கடிதத்தை மடிப்புக் கலையாமல் எடுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, என் வரியை என்னைவிட நன்றாகப் படித்தார்.

"அப்படியானால் அந்தச் சிவப்புச் சேலையைத் துவைத்தது யார்?"

தியேட்டர் இடிந்துவிழச் சிரித்தது. அந்த ரசிகர் இங்கே இருக்கிறாரா என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இரண்டு வரிசை முன்னால் என் கன்வேயர் செக்ஷன் நண்பன் எழுந்தான். இப்போது அவனும் நானும் ரிட்டயர்மென்டை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிற ஆட்கள், அவனுக்கு இது தேவையா.

"சார், அந்த ஆளு இதோ இருக்கான் சார். பொண்டாட்டி பக்கத்துல பதுங்கிட்டிருக்கான்."

கைதட்டி என்னை மேடைக்குத் தள்ளினார்கள். டைரக்டர் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். ஜரிகை கழுத்தை அறுத்தது. மாமனாரை ஒரு கிரகத்திலிருந்தே துடைத்து எடுத்ததற்குப் பொன்னாடை வாங்கிய மருமகன் தமிழ்நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மேடையிலிருந்து பார்த்தேன். என் மனைவி கைதட்டவில்லை, எழுந்து போகவும் இல்லை. தெரியாத ஒருவனைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கூடத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். லெட்டரில் என்ன எழுதினீர்கள் என்று கேட்டாள். நான் முழுசாகச் சொன்னேன், மனப்பாடமாகவே இருந்தது, அது இன்னும் கேவலம். எப்போது எழுதினேன், ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை, எல்லாவற்றையும் கேட்டாள். கடைசியில் ஒன்று சொன்னாள்.

"அந்தப் படத்த நான் ஒரு நாளும் நல்லாருக்குதுன்னு சொன்னதில்ல. எங்கப்பா நிக்கறாருன்னு பாத்துகினு இருந்தேன். அவ்ளோதான்."

மாமியார்தான் பேசினார். முதலில் என்னிடம்.

"மாப்ள, அது செவப்பு இல்லீங்க. அரக்கு."

அப்புறம் மகளிடம் திரும்பினார். "அங்க நின்னது சாக்குதான்டி. எத்தினி வாட்டி சொல்றது. உங்கப்பா அன்னிக்கு வூட்லயே இல்ல. ஷூட்டிங்ல பொணமா படுத்துகினு இருந்தாரு."

பிறகு மெதுவாக எல்லாம் வந்தது. ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு ஆம்பிளைகளைக் கூப்பிட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். உர மூட்டைத் தாள் மாதிரி ஒரு துணியில் வெள்ளி உடுப்பு, தலையில் ஹெல்மெட். காலையிலிருந்து மண்மேல் படுக்கப் போட்டிருக்கிறார்கள். உச்சி வெயில் வரைக்கும். என் மாமனாரால் மூச்சை அடக்க முடியவில்லை. டைரக்டர் மைக்கில் மூன்று தடவை கத்தியிருக்கிறார், அந்தப் பிணம் மூச்சு விடுகிறது என்று. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, மூச்சு விட்டதுக்கு ஒருத்தன் திட்டறான்டி என்று சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார். அதே வருஷம் போய்விட்டார். உயிரோடு இருக்கிற ஆள் பிணமாகப் படுத்ததுதான் சாவைக் கூப்பிட்டுவிட்டது என்று மாமியார் மனசுக்குள் முடிவு கட்டிக்கொண்டார். மகளிடம் சொல்லவில்லை. அந்தக் காட்சி வந்தால் அடுப்படிக்குப் போனார். இன்று முந்தானையைப் போட்டு மூடிக்கொண்டார்.

மறுநாள் இரண்டு பேரும் வேலைக்கு லீவு போட்டோம். தியேட்டரில் அன்று கூட்டமும் இல்லை, டைரக்டரும் இல்லை, எங்களோடு சேர்த்து எட்டுப் பேர். மாமியார் வரவில்லை. படம் நேற்றைப் போலவே மட்டமாக இருந்தது. வயலின் அழுதது. சேலை இல்லாத மண்மலைகளை நாங்கள் இருவரும் சும்மா கடந்துபோக விட்டோம். அடுத்து அந்த வரிசை வந்தது. முகம் தெரியாத ஹெல்மெட்டுகள், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று. கதாநாயகன் தலையைக் குனிந்துகொண்டு நடந்து வருகிறான். மணல் மணலாகத் தெரிகிறது.

இடமிருந்து நாலாவது ஆளின் மார்பு ஏறியது. இறங்கியது. கதாநாயகனின் பூட்ஸ் பக்கத்தில் வந்ததும் நின்றது, பாவம், அடக்கிப் பார்த்திருக்கிறார். பூட்ஸ் தாண்டியதும் மறுபடி ஏறியது, நன்றாக, ஆசை தீர.

என் மனைவி என் கையைப் பிடிக்கவில்லை. முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். ஏழு தடவையும் அதற்குமேல் டிவியில் எத்தனையோ தடவையும் நான் கவனிக்காமல் விட்ட பிழை. கவனித்திருந்தால் இருபது வயதில் அதையும் எழுதியிருப்பேன், இன்னும் நல்ல ஒரு வரியோடு. டைரக்டரும் அதை மேஜைமேல் வைத்திருப்பார். புதுப் பிரதியில் ஆளை ஒரே அடியாகச் சாகடித்திருப்பார்.

வெளியே வந்து சைக்கிள் ஸ்டாண்டில் நின்றபோதுதான் அவள் நேற்றிலிருந்து முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"இதையும் கடுதாசி எழுதிப்புடாதீங்க."

எழுதமாட்டேன் என்றேன். ஆனால் எழுதுகிறவனுக்குக் கை சும்மா இருக்காது. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்து இதை எழுதினேன், அவளிடமே கொடுத்தேன். படத்தின் பெயர், டைரக்டரின் பெயர், கிரகத்தின் பெயர், எங்கள் பெயர் எல்லாவற்றையும் அடித்தாள். வேறு எந்த இடத்திலும் கை வைக்கவில்லை. என்னைப் பற்றிய கேவலத்தை எல்லாம் அப்படியே விட்டாள். கடைசியில் திருப்பித் தரும்போது, வரிசையில் எத்தனையாவது ஆள் என்பதை மட்டும் மாற்றி எழுதச் சொன்னாள். மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.